சுவரிலிருந்து வந்த என் குரல்

என் இடது கட்டைவிரலைப் பார்த்தாலே வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். நல்ல நாட்களில் நகத்தோரத் தோல் ஒழுங்காக இருக்கும். மற்ற நாட்களில் பல்லால் கடித்துப் பிய்த்து வைத்திருப்பேன். பள்ளிக்கூட நாளிலிருந்து இருக்கிற கெட்ட பழக்கம். போன மழைக்காலம் முழுக்க அந்த விரலில் பேண்டேஜ் ஒட்டியிருந்தது. அதே மழைக்காலத்தில் எங்கள் நாயின் இடது முன்காலிலும் கட்டு இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

நாயின் பெயரை எழுதப்போவதில்லை. அது எங்கள் மூவருக்குள் இருக்கட்டும். ‘அவன்’ என்றே எழுதுகிறேன். எங்கள் ஃபிளாட் வாட்ஸ்அப் குழுவில் ‘அது’ என்று எழுதினார்கள். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

கேளம்பாக்கத்தில் ஐந்தாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்குச் சிறுசேரியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் எழுதியதில் எங்கே பிழை இருக்கிறது என்று தேட வேண்டும். பிழை வந்த நேரம், அதற்கு முன் என்ன செய்தோம், மறுபடி அதையே செய்தால் மறுபடி வருகிறதா என்று வரிசையாக எழுதித் தர வேண்டும். என் வீட்டுக்காரருக்குக் கடலோரம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. காலை ஆறேகாலுக்கு ஆபீஸ் பஸ்ஸில் போனால் மாலை ஆறரைக்குத்தான் வருவார். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் நாயை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புரிந்ததுபோல் தலையாட்டுவார்கள். அவர்களுக்கு நான் காபி கொடுப்பேன், இன்னொரு டம்ளர் வேண்டுமா என்று கேட்க மாட்டேன்.

எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலத்தில் வந்து சேர்ந்தவன் அவன். சர்வீஸ் ரோட்டில் ஒரு பேக்கரி வாசலில், மழையில் நனைந்து, எலிக்குஞ்சு மாதிரி நின்றுகொண்டிருந்தான். அதற்குப் பிறகு மூன்று வருடங்கள் என் மேஜைக்கு அடியில், என் பாதத்தின் மேல் தாடையை வைத்தபடியே வளர்ந்தான். மீட்டிங்கில் மேனேஜர் குரலை உயர்த்தினால் இவன் எழுந்து உட்காருவான். நான் பதில் சொல்லிவிட்டு மூச்சு விட்டால் இவனும் ‘உஸ்’ என்று விட்டுவிட்டுப் படுப்பான். வேலை நெருக்கும் நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. அவன் தட்டிலும் சோறு மிஞ்சும். ஆரம்பத்தில் இதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் பயமெல்லாம் அவன் உடம்புக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அப்போது உறைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் மெயில் வந்தது. இனி வாரத்தில் நான்கு நாள் ஆபீஸுக்கு வர வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. ஆபீஸை நினைத்து அல்ல. நாள் முழுக்க அவன் தனியாக என்ன செய்வான்?

முதல் நாள் பையைத் தோளில் மாட்டியதும் அவன் வந்து கதவுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டான். என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அதனால் மறுநாளிலிருந்து ஒரு தந்திரம் செய்தேன். பையை முந்தின நாளே ஷூ ஸ்டாண்டுக்குள் மறைத்து வைப்பேன். சமையலறை மூலையில் பிஸ்கட் போடுவேன். அவன் மூக்கு அங்கே இருக்கும்போது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நழுவிவிடுவேன். அவன் அழுவதைப் பார்க்காமல் போனேன் என்பதில் ஒரு நிம்மதி.

போதாததற்கு ஒரு கேமரா வாங்கினோம். ஹாலில் டிவிக்கு மேலே சுவரில் என் வீட்டுக்காரர் மாட்டினார். போனில் ஹால் முழுக்கத் தெரியும். ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினால் நம் குரல் அங்கே கேட்கும். இதை வாங்கியபோது நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இனி அவன் தனியாக இல்லை என்று நினைத்தேன்.

ஆபீஸில் தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துக்கொள்வேன். கம்ப்யூட்டரில் ஒரு கண், அவன் மேல் ஒரு கண். அடிக்கடி எழுந்து மாடிப்படிப் பக்கம் போய்ப் பொத்தானை அழுத்தி, “இங்கதான்டா கீறேன். அம்மா இங்கதான் கீறேன். அழாத” என்பேன். எதிரே வந்த ஒருத்தி, “குழந்தைங்களா மேடம்?” என்று கேட்டாள். “ஆமாம்” என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது வாரத்தில் வாசல் செக்யூரிட்டி என்னை நிறுத்தினார்.

“மேடம், உங்க நாயி பகல்ல ஒரே ஊள. மேல் வூட்டம்மா கைக்கொழந்த வெச்சிகீறாங்க இல்ல, எறங்கி வந்து என்னாண்ட கத்திகினு கீறாங்க. நான் இன்னா பண்ணுவேன், சொல்லு.”

எனக்குத் தெரியும். போனில் பார்த்திருக்கிறேன். கதவுக்கு முன் உட்கார்ந்து கழுத்தைத் தூக்கி அவன் ஊளையிடுவான். உடனே பொத்தானை அழுத்துவேன், பேசுவேன், கெஞ்சுவேன். ஊளை கூடுமே தவிரக் குறையாது. அதற்கப்புறம் இடது முன்காலை நக்க ஆரம்பிப்பான். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நக்கி நக்கி, முடி உதிர்ந்து, தோல் சிவந்து, கடைசியில் சதை தெரிந்தது.

கால்நடை மருத்துவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூச்சி இல்லை, அலர்ஜி இல்லை என்றார். மனசுதான் காரணம் என்றார். புண்ணுக்குக் கட்டுப் போட்டு, நக்க முடியாதபடி கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் புனல் ஒன்றை மாட்டிவிட்டு, சீட்டைக் கொடுக்கும்போது என் கையைப் பார்த்தார்.

“இவனுக்கு மருந்து எழுதிட்டேன். உங்க வெரல எங்கம்மா காட்டறீங்க?”

நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். கோபம்தான் வந்தது. நாயைக் காட்ட வந்தால் நாயைப் பார்க்க வேண்டியதுதானே.

அந்த வாரமே வீட்டு ஓனர் கூப்பிட்டார். நல்ல மனிதர், அதுவரை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. “அசோசியேஷன்ல தினமும் போன் மேடம். என்னால சமாளிக்க முடியல. பத்து நாள் டைம் எடுத்துக்குங்க. நாயை எங்கயாவது விட்டுடுங்க, இல்ல நீங்க வேற வீடு பாத்துக்குங்க” என்றார். வேறு வீடு என்று எளிதாகச் சொல்லிவிட்டார். நாய் என்று சொன்னதும் போனை வைக்கிற ஓனர்களைத்தான் அதற்குப் பிறகு நாங்கள் பார்த்தோம். தேடிய இடமெல்லாம் ஒரே பதில்.

அந்தப் பத்து நாளும் நான் தூங்கியதாக நினைவில்லை. அவனும் தூங்கவில்லை. நான் கட்டிலில் புரண்டால் கீழே புனல் தரையில் உரசும் சத்தம் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினத்துக்குப் போனோம். என் நாத்தனார் வீடு அங்கே, டச்சுக்கோட்டை மதிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. என் வீட்டுக்காரருக்குத் தங்கை. காம்பவுண்டுக்குள் மணல், ஒரு முருங்கை மரம், மீன் தலைக்கு வந்துபோகிற நான்கு பூனைகள். அவனை அங்கே விட்டுவிட்டு வருவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம். பேசி முடித்தவர் அவர்தான்; நான் தலையை மட்டும் ஆட்டியிருந்தேன்.

கார் மாமல்லபுரம் தாண்டும் வரை அவன் ஜன்னலில் மூக்கை வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தான். இதே காரில் அவனில்லாமல் திரும்ப வேண்டும் என்று நான் நினைத்ததும், அவன் ஜன்னலை விட்டுவிட்டு, புனலோடு என் மடியில் தலையைத் திணித்துக்கொண்டான். நான் அழவில்லை, ஒரு சத்தமும் போடவில்லை. எப்படித்தான் தெரிந்ததோ.

அங்கே இறங்கியதும் பூனைகளைப் பார்த்தான், மணலைத் தோண்டினான். நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாப்பிட்டு முடித்ததும் என் வீட்டுக்காரர் கண்ணால் ஜாடை காட்டினார். நான் வழக்கம்போல மீன் துண்டு ஒன்றை முருங்கை மரத்தடியில் போட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கமாக நகர்ந்தேன். நாத்தனார் பார்த்துவிட்டாள்.

“இன்னா அண்ணி இது? திருடி மாரி செருப்பக் கையில புடிச்சிகினு போற?”

“பாத்தா அழுவும்மா.”

“அழுதா அழுவட்டும். சொல்லிகினு போ. நம்ப வூட்ல யாரு சொல்லாம கெளம்பறாங்க? உன்ன எங்க எங்கன்னு தேடிகினே கெடக்கும் அது, பாவம்.”

நான் காதில் வாங்கவில்லை. கேட்டைத் திறந்தபோது புனல் மதிலில் தட்டுகிற சத்தம் கேட்டது. மீனைத் தொடக்கூட இல்லை. வந்து என் காலோடு ஒட்டி நின்றான், முழு உடம்பும் நடுங்கியது. நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். “இன்னாடி நீ, கொழந்த மாரி” என்று என் வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டார். ஆனால் காரின் பின்கதவைத் திறந்துவிட்டவரும் அவர்தான். மூன்று பேரும் திரும்பி வந்தோம். ஓனர் கொடுத்த கெடுவில் ஆறு நாள் மிச்சம்.

அடுத்த சனிக்கிழமை காலை ஒரு வேலையாக உட்கார்ந்தேன். மறுநாள் அசோசியேஷன் ஆட்களிடம் பேசப் போக வேண்டும். ‘நாள் முழுக்க ஊளை’ என்று குழுவில் எழுதியிருந்தார்களே, அது பொய் என்று நிரூபிக்க வேண்டும் என்று எனக்கு வெறி. ஹாலில் சத்தம் கேட்டால் கேமரா தானாகவே பதிவு செய்துகொள்ளும். அந்தத் துண்டுகளை எல்லாம் எடுத்து, எத்தனை மணிக்கு ஊளை, எத்தனை நிமிடம் என்று பட்டியல் போட்டேன். வேலைப் பழக்கத்தில் இன்னொரு கட்டமும் போட்டேன்: அதற்கு முன் என்ன நடந்தது?

அதுவரை நான் எந்தத் துண்டையும் முதலிலிருந்து பார்த்ததில்லை. ஊளையிடும் இடத்துக்கு நேராகப் போய்விடுவேன், பார்ப்பேன், அழுவேன். அன்றைக்கு அந்த ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக முதலிலிருந்து ஓட்டினேன்.

செவ்வாய், பதினொன்று பத்து. டிவிக்கு எதிரே பாயில் அவன் தூங்குகிறான். நன்றாக, கால் நீட்டி, பக்கவாட்டில் படுத்து, வயிறு ஏறி இறங்கத் தூங்குகிறான். சுவரிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வருகிறது. “இங்கதான்டா கீறேன். அழாத.” அவன் அழவே இல்லை. திடுக்கிட்டு எழுகிறான். சுவரைப் பார்க்கிறான். கதவுக்கு ஓடுகிறான். அங்கிருந்து படுக்கையறை. பாத்ரூம். பால்கனித் திரைக்குப் பின்னால். பிறகு என் மேஜைக்கு அடியில் போய், என் பாதம் இருக்க வேண்டிய இடத்தை மோந்து பார்க்கிறான். அதற்கப்புறம் கதவுக்கு முன் உட்கார்ந்து கழுத்தைத் தூக்குகிறான்.

அடுத்த துண்டு. மூன்று நாற்பது. முதலில் என் குரல். அடுத்தது, என் குரல். அடுத்தது. எல்லாவற்றிலும் அவனுக்கு முன்னால் நான் இருந்தேன்.

அந்தக் குரலையும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். தைரியம் சொல்வதாக நான் நினைத்துக்கொண்டிருந்த குரல். மெலிந்து, இழுத்து, இப்போதோ அப்போதோ அழப்போகிறவளின் குரல். அதை யார் கேட்டாலும் என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். கடைசியில் நேரங்களை வரிசையாகப் பார்த்தேன். பதினொன்று பத்து, காலை மீட்டிங் முடியும் நேரம். மூன்று நாற்பது, மேனேஜரிடம் கணக்குச் சொல்லிவிட்டு வெளியே வரும் நேரம். அவன் அழுத நேரமெல்லாம் எனக்கு ஆபீஸில் மூச்சு முட்டிய நேரம். அவன் தனியாக இருக்கிறான் என்பதற்காக நான் போனைத் திறக்கவில்லை. எனக்கு ஆறுதல் தேவைப்பட்டபோதெல்லாம் தூங்குகிறவனை எழுப்பியிருக்கிறேன்.

நாத்தனார் சொன்னது அப்போதுதான் உள்ளே இறங்கியது. நான் தினமும் அவனுக்குத் தெரியாமல் நழுவியிருக்கிறேன். அவனைப் பொறுத்தவரை நான் வெளியே போகவே இல்லை. சுவரும் அதையேதான் சொல்கிறது, ‘இங்கதான் கீறேன்’ என்று. வீட்டுக்குள் எங்கேயோ இருக்கிற என்னை அவன் நாள் முழுக்கத் தேடியிருக்கிறான், கிடைக்காமல் காலை நக்கியிருக்கிறான். எனக்கு என் மேலேயே வெறுப்பாக வந்தது. மேஜைக்கு அடியில் கிடந்தவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷனுக்கு நான் எதையும் எடுத்துப் போகவில்லை. கெடு முந்தின நாளோடு முடிந்திருந்தது; இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். முணுமுணுத்தார்கள், ஆனால் ஒத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை என் வீட்டுக்காரர் கேமராவைக் கழற்றினார். “இத்த ஆபீசுக்கு எடுத்துகினு பூடுங்க. வூட்ல இருந்தா நான் மாட்டிடுவேன்” என்றேன். “கேமராவா? கேட்லயே புடிச்சி ஒக்கார வெச்சிருவாங்க” என்று சொல்லி, அதை நாத்தனாருக்குப் போகிற பைக்குள் போட்டுக் கட்டினார். என் போனிலிருந்தும் அந்த ஆப்பை எடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

எட்டரைக்கு நான் பையை எல்லோரும் பார்க்க, அதாவது அவன் பார்க்க, தோளில் மாட்டினேன். செருப்பைக் காலில் போட்டேன். பிஸ்கட் இல்லை. அவன் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றான். குனிந்து அவன் முகத்தைப் பார்த்து, “போய்ட்டு வரேன்டா” என்றேன். அவ்வளவுதான். கதவைச் சாத்தினேன்.

அன்றைய நாளை எப்படிச் சொல்ல? பதினொன்று பத்துக்குக் கை தானாகப் போனுக்குப் போனது. ஆப் இல்லை. கேஸை மூடினேனா? பால்கனிக் கதவு? புனல் எங்காவது மாட்டி மூச்சு முட்டினால்? ஊளையிடுகிறானா? மேல் வீட்டுக் குழந்தை விழித்துவிட்டதா? வாட்ஸ்அப் குழுவை நூறு தடவை திறந்திருப்பேன். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று மட்டும் யாரோ கேட்டிருந்தார்கள். அந்த அமைதி என்னை இன்னும் பயமுறுத்தியது. விரலிலிருந்து ரத்தம் கீபோர்டில் பட்டது. மூன்று நாற்பதுக்கு மீட்டிங் முடிந்ததும் தலைவலி என்று சொல்லிவிட்டு, கேபுக்குக் காத்திருக்காமல் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். கேளம்பாக்கம் சந்திப்பில் வண்டிகள் நகரவில்லை. அங்கேயே இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

செக்யூரிட்டி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“இன்னா மேடம், நாய ஊருக்கு அனுப்ச்சிட்டீங்களா?”

“இல்லியே. ஏன்?”

“இன்னிக்கு சத்தமே இல்ல. ஒரு வாட்டிகூட இல்ல.”

ஐந்து மாடியும் படியிலேயே ஏறினேன். சாவியைப் போட்டுத் திருப்பினேன். கதவைத் தள்ளினேன். பாயில் பக்கவாட்டில், கால் நீட்டிக் கிடந்தான். அசையவில்லை.

பிறகு ஒரு காது எழுந்தது. கண்ணைத் திறந்தான், கொட்டாவி விட்டான், முன்காலை நீட்டிச் சோம்பல் முறித்தான், நிதானமாக எழுந்து வந்தான். தூங்கி எழுந்த சூடு உடம்பில் இருந்தது. தட்டில் சோறு இல்லை. தின்றிருந்தான்.

நான் செருப்போடு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். இத்தனை வாரத்து அழுகை. அப்போதுதான் கவனித்தேன், என் மடியில் சாய்ந்தவன் நடுங்க ஆரம்பித்திருந்தான். ஒரு நிமிடம் முன்பு வரை நன்றாக இருந்தவன். வாயைப் பொத்திக்கொண்டேன். மூச்சை இழுத்து, மெல்ல விட்டேன். மறுபடி இழுத்து, மறுபடி விட்டேன். எத்தனை தடவை என்று தெரியாது. கடைசியில் அவன் ‘உஸ்’ என்று ஒரு மூச்சு விட்டு, என் பாதத்தின் மேல் தாடையை வைத்தான்.

வெள்ளிக்கிழமை ஓனர் கூப்பிட்டார். “தேங்க்ஸ் மேடம். இப்ப யாரும் கம்ப்ளெயின்ட் பண்றதில்ல. நாய எங்க விட்டீங்க?”

“நாய் இங்கதான் சார் இருக்கு. நான்தான் வாய மூடிகினேன்” என்றேன்.

அவருக்குப் புரிந்திருக்காது. “சரி, அப்ப இருக்கட்டும்” என்றார்.

கால் ஆறிவிட்டது. முடி முளைத்து, எங்கே புண் இருந்தது என்று தேட வேண்டியிருக்கிறது. என் விரல் அவ்வளவு சீக்கிரம் ஆறவில்லை. இப்போதும் காலையில் பையை மாட்டுகிறேன், “போய்ட்டு வரேன்டா” என்கிறேன். அவன் கதவு வரை வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான் கதவைச் சாத்துவதற்குள் திரும்பிப் பாய்க்குப் போய்விடுகிறான். கீழே கேப் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். நான்தான் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருக்கிறேன்.